ஸ்தனிஸ்லாஸ் பற்றவைத்த ரிங்

பெலிண்டாவைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில்கூட என் முகம் கிடையாது. கூர்ந்து பார்த்தால் படத்தின் ஓரத்தில், பந்து கிளம்பி வந்த பக்கமாக, ஒரு முழங்கை தெரியும். சிலவற்றில் பின்னல் நுனி தெரியும். அது நான்தான். பெயர் சுபலட்சுமி, ஊர் ஸ்ரீரங்கம், உயரம் ஐந்தடியைத் தாண்டிக் கொஞ்சம். அவள் ஆறடி மூன்று அங்குலம். பள்ளியிலும் கல்லூரியிலும் அவள் போட்ட கூடைகளில் பாதி நான் கொடுத்த பந்தில் விழுந்தவை. இதைச் சொன்னால் உனக்குப் பொறாமை என்கிறார்கள். பொறாமைதான். யார் இல்லை என்றது?

கூடைப்பந்தில் சென்டர் என்றால் ரிங்குக்கு அடியிலேயே குடியிருக்கிற ஆள். என்னைப் போன்ற குள்ளச்சிகள் மைதானம் முழுக்க ஓடி, அடி வாங்கி, மூச்சிரைத்துப் பந்தைக் கொண்டுவந்து சேர்ப்போம். சென்டர் நின்ற இடத்திலேயே கையை உயர்த்தி அதை வாங்கி உள்ளே போடுவாள். கைதட்டலும் அவளுக்கு. எதிரணி எறிந்து தவறுகிற பந்தையும் அவளே பறித்துக்கொள்வாள். பெலிண்டா அந்த இடத்தில் பதினைந்து வருஷம் ராஜ்யம் பண்ணினாள். முதலில் ரயில்வே அணி, பிறகு இந்திய அணி, அப்புறம் பாங்காக்கில் ஒரு கிளப் சம்பளம் பேசி அழைத்துப்போய் ஐந்து சீசன் வைத்துக்கொண்டது. அந்த ஐந்து வருஷமும் அந்த ஊர் லீகில் மற்ற அணிகளின் கோச்சுகள் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

லூதியானாவில் ஒரு மேட்ச். அவளை அடக்க மூன்று பெண்களை ஏவிவிட்டார்கள். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால், மூன்றாமவள் இவளுடைய ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். பெலிண்டா மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போய்ப் பந்தை உள்ளே போட்டாள். ஜெர்சியைப் பிடித்திருந்த பெண் மேட்ச் முடிந்ததும் ஓடிவந்து, அக்கா என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். அவளோடு சண்டை போட்டவர்கள்கூட அவளுக்கு ரசிகர்களாகத்தான் திரும்பிப் போவார்கள். எனக்கு மட்டும்தான் இன்றுவரை அவள்மேல் எரிச்சல் பாக்கி இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் அவளை முதல் தடவை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏண்டி சுபா, இது பொண்ணா, த்வஜஸ்தம்பமா?" என்றாள். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டு, "பெருமாள் அனுக்ரஹம்டி கொழந்தே, நன்னா இருப்பே" என்று அவளுக்கு மட்டும் இரண்டாம் தடவை அக்காரவடிசல் போட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நல்ல நாள்களில் அவளுக்கு ஒரு இலை உண்டு. பாங்காக்கிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் முதலில் நெற்றியை இடித்துக்கொள்வாள், அப்புறம்தான் எப்படி இருக்கீங்க மாமி என்பாள்.

இப்படி ஊரும் உலகமும் கொண்டாடியவளை ஒரே ஒரு ஆள் மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளுடைய அப்பா.

ஸ்தனிஸ்லாஸ் அங்கிள் பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள்மேல் உயிர். வெளியூர் மேட்ச் என்றால் விடியற்காலை ஸ்டேஷனுக்கு சைக்கிளில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான், அவள் கால்கள் தரையில் இழுபடும். ஆனால் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். தேசியப் போட்டியில் வாங்கிய தங்கப் பதக்கத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பி, ரிப்பன் மாட்டுகிற கொக்கியை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "பத்த வச்சது சரியில்ல, சீக்கிரம் உட்டுரும்" என்றார். அடுத்த நாள் பதக்கம் மேஜைமேல் இருந்தது, கொக்கி புதிதாகப் பற்றவைக்கப்பட்டு. அவர் பாராட்டுகிற லட்சணம் அவ்வளவுதான்.

பாங்காக்கில் அவள் முதன்முதலாக டங்க் போட்டாள். பந்தை எறியாமல், எழும்பி, கையாலேயே ரிங்குக்குள் அறைந்து இறக்குவதற்கு அப்படிப் பெயர். ஆண்களிலேயே கொஞ்சம் பேர்தான் செய்வார்கள். அந்த வீடியோவை நான் வங்கியில் வேலை நேரத்தில் கவுன்டருக்கு அடியில் வைத்து ஏழெட்டு தடவை பார்த்து, மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். அன்று மாலையே பொன்மலைக்குப் போய் அங்கிளிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அந்த ஊரு ரிங்கு தாழ்வா இருக்கும்மா."

"அங்கிள், உலகம் பூரா ரிங் பத்தடிதான்."

"யாரு அளந்தா?" என்றார். "நம்ம திடல்ல போடச் சொல்லு, பாப்போம்."

அதை நான் பெலிண்டாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன். அவள் போனில் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு, "போட்டுக் காட்டுறேன்டி" என்றாள்.

நம்ம திடல் என்றால் அவர்கள் தெருக்கோடியில் மாதா கோயிலை ஒட்டிய திடல். அங்கே இரண்டு பக்கமும் நிற்கிற கம்பங்களையும் ரிங்குகளையும் பற்றவைத்தவர் ஸ்தனிஸ்லாஸ் அங்கிள்தான். பெலிண்டா சிறுமியாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தக் கையால். பிறகு கொத்தனார் வீரமலை வந்து தரைக்குக் கான்கிரீட் போட்டார். நாங்கள் எல்லாம் ஆட்டம் பழகியது அங்கேதான். வருஷா வருஷம் திருவிழாவுக்கு வெளியூர் அணிகளை அழைத்து ஆடுவோம். வந்தவர்கள் எல்லாம் ரிங் உயரமாக இருக்கிறது என்று முனகுவார்கள். "ரிங்கு ஒசரம் இல்ல, உங்க பிள்ளைங்க குட்டை" என்பார் அங்கிள். யாரும் அளந்து பார்த்ததில்லை. ஸ்தனிஸ்லாஸ் செய்த வேலையை அளப்பது, பூசை வைக்கிற சாமியாரை நிறுத்தி ஜெபம் சரிதானா என்று கேட்பது போல.

சொன்னபடியே அடுத்த திருவிழாவுக்கு அவள் லீவு போட்டு வந்தாள். செய்தி எப்படியோ பரவிவிட்டது. திடலில் மைக் தாஜுதீன் கையில். திருச்சியில் எந்தக் கூடைப்பந்து மேட்ச் நடந்தாலும் சவுண்ட் சர்வீஸும் வர்ணனையும் அவருடையதுதான். "பெரியோர்களே, தாய்மார்களே, பாங்காக் நகரையே கிடுகிடுக்க வைத்த பொன்மலைச் சிங்கம் இதோ, இதோ, இதோ!" என்று அவர் முழங்க, பெலிண்டா ஓடிவந்து எழும்பினாள். பந்து ரிங்கின் முன்விளிம்பில் மோதிப் பறந்துபோய் ஜிலேபிக் கடை எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் விழுந்தது. அவள் மல்லாந்து விழுந்தாள். ஊர் முதலில் பதறியது, அவள் எழுந்ததும் சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு வெளியூரில் எத்தனையோ டங்க் போட்டாள். உள்ளூரில் ஒன்றுகூட முயன்றதில்லை. ஊர்க்காரர்கள் அவளை அன்பாகத்தான் கேலி செய்தார்கள். டீக்கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில்கூட, "என்னம்மா, நம்ம ரிங்கு மட்டும் பிடி குடுக்க மாட்டேங்குது போல" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஊர் கேலி செய்ததற்காக இல்லை. தான் ஆடிய பெரிய ஆட்டமெல்லாம் தாழ்ந்த ரிங்கில் ஆடியது என்று அப்பா உண்மையாகவே நம்புகிறாரே, அதற்காக.

போன வருஷத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டாள். வயது முப்பத்தேழு. இரண்டு முழங்காலும் அழைத்தால் வராத நிலை. திருவிழாவில் வழியனுப்பு மேட்ச் ஒன்று வைப்பது என்று முடிவானது. எங்கள் பழைய அணி ஒரு பக்கம், கரூரிலிருந்து ஒரு இளம் அணி மறுபக்கம். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டித் தினமும் பிராக்டிஸுக்குப் போனேன். தொந்தியோடு ஓடுவது என்ன பாடு என்று தொந்தி உள்ளவர்களுக்குத் தெரியும்.

முந்தின நாள் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே பெலிண்டா சொன்னாள்.

"சுபா, இதுல இன்னும் ஒரே ஒரு எகிறு மிச்சம் இருக்குடி. நாளைக்கு அதப் போட்டுரணும். அப்பா பாக்கணும்."

"மறுபடியும் விழுந்தா?"

"விழுந்தா ஜிலேபி சாப்பிடுவோம்" என்றாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. கீழே விழுந்தால் முழங்கால் போகும் என்பது இருக்கட்டும். இன்னொரு தடவை அவர் நான்தான் சொன்னேன்ல என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தால் இவள் அதைத் தாங்க மாட்டாள். அதற்கப்புறம் போட்டுக் காட்ட இன்னொரு மேட்ச் கிடையாது.

மறுநாள் மத்தியானம் ரெஃப்ரி முருகானந்தம் வந்து இறங்கினார். மணப்பாறைப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியர். ஒரு கையில் எங்களுக்கு முறுக்குப் பொட்டலம், மறுகையில் டேப். முறுக்கைக் கொடுத்துவிட்டு நேரே ஏணியைப் போட்டு ஏறி ரிங்கிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டார். நாங்கள் வார்ம்அப் செய்துகொண்டிருந்தோம். வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அங்கிள் எழுந்துவிட்டார்.

"சார், இது பத்தடி இல்லீங்களே" என்றார் முருகானந்தம்.

"உங்க டேப்பு பழசு" என்றார் அங்கிள்.

வீட்டுக்குப் போய்த் தன்னுடைய ஸ்டீல் டேப்பை எடுத்துவந்து தானே ஏறினார். இறங்கி வந்தார். மறுபடி ஏறினார். கொடி கட்டிக்கொண்டிருந்த வீரமலை அண்ணன் என்ன கூத்து என்று பார்க்க வந்து, தன் இடுப்பிலிருந்த டேப்பைக் கொடுத்தார். மூன்று டேப்பும் ஒரே பதிலைச் சொன்னன. பத்தடி நாலு இஞ்ச். எதிர்ப்பக்கத்து ரிங்கும் அப்படியே, இம்மி பிசகாமல்.

"அதெப்படி கூடும்? நான் பத்தடி நாலு இஞ்ச்தானே வச்சேன்!" என்றார் அங்கிள்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"என்னாய்யா பாக்குறீங்க? மண்ணுலேருந்து பத்தடி நாலு இஞ்ச். மேல சிமெண்ட்டு நாலு இஞ்ச் ஏறும்ல? ஏறிட்டா சரியாப் பத்தடி. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

வீரமலை அண்ணன் தலையைச் சொறிந்தார். "எங்கண்ணே ஏறும்? நான் நாலு இஞ்ச் தோண்டி எடுத்துட்டுல்ல கான்கிரீட் போட்டேன். மேலாப்புல போட்டா மழைத் தண்ணி கோயிலுக்குள்ள போயிரும்ல?"

"தோண்டுனியா? யாரக் கேட்டுத் தோண்டுன?"

"நீங்க யாரக் கேட்டு நாலு இஞ்ச் கூட வச்சீங்க?"

"வேலை தெரிஞ்சவன் வைப்பான்யா!"

"வேலை தெரிஞ்சவன் தோண்டுவாண்ணே!"

இருவரும் சுத்தமான வேலைக்காரர்கள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டால் தன் வேலை தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! அந்த கௌரவத்தில் இருபத்தைந்து வருஷமாக ஒரு பேட்டையே அண்ணாந்து பார்த்துப் பந்தெறிந்திருக்கிறது. எங்கள் அணிப் பெண்கள் எறிகிற பந்து ஏன் கோபுரம் ஏறி இறங்குகிறது என்று வெளியூர் கோச்சுகள் கேட்பார்கள். அது திருச்சி ஸ்டைல் என்று நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் வாயில் மண்.

பெலிண்டா கான்கிரீட் தரையில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு பெரிய உடம்பு சிரித்தால் பார்க்கிறவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். முருகானந்தம் சிரித்தார். வீரமலை அண்ணன் சிரித்தார்.

"சுபா, ஒவ்வொரு தடவ ஊருக்கு வர்றப்பவும் காலு கனக்கும்டி. அம்மா போடுற சாப்பாடுன்னு நெனச்சேன்!"

அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. ரிங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நீ விழுந்தியே."

"ஆமாப்பா."

"முன்னாடி வெளிம்புலதானே பட்டுச்சு?"

"ஆமாப்பா. விடுங்க, அதெல்லாம் எப்பவோ நடந்தது."

அவர் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். போச்சு, கோபித்துக்கொண்டார், இனி மேட்சுக்கே வரமாட்டார் என்று நினைத்தேன். பெலிண்டாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் வெல்டிங் மெஷின், இரும்பை அறுக்கிற கிரைண்டர், கனத்தைத் தூக்கிப் பிடிக்கிற செயின் பிளாக். தள்ளிக்கொண்டு வந்தவர் எழுபதை நெருங்குகிற ஸ்தனிஸ்லாஸ் அங்கிள், பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு.

"சாயங்காலம் மேட்ச் சார்" என்றார் முருகானந்தம்.

"சாயங்காலம்தானே?" என்றார் அங்கிள்.

கோயில் பக்கத்துக் கம்பத்தில் தொடங்கினார். ரிங் மாட்டிய போர்டைச் செயினில் கட்டி நிறுத்தி, பற்றவைத்த பழைய இணைப்பை அறுத்தார். பொறி பறந்தது. வீரமலை அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, நான் தோண்டியதுதான் சரி என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மேலேயிருந்து அங்கிள் கிரைண்டரை ஓட்டி அதை அமுக்கினார். திருவிழாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் ராட்டினத்தை விட்டுவிட்டு இங்கே கூடிவிட்டது. தாஜுதீனுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் போட்டு, "இதோ, ஸ்தனிஸ்லாஸ் அவர்கள் முதல் வெல்டிங்கை வைக்கிறார், பொதுமக்கள் யாரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம்" என்று வர்ணனையை ஆரம்பித்துவிட்டார்.

நாலு இஞ்ச் இறக்கி, அளந்து, முருகானந்தத்தை அளக்கச் சொல்லி, வீரமலையையும் அளக்கச் சொன்னார். பத்தடி. அதற்குள் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. எதிர்ப்பக்கக் கம்பத்துக்கு நேரம் இல்லை. அரை ஆட்டத்தில் இரண்டு அணியும் பக்கம் மாறுவதால் யாருக்கும் பாதகமில்லை, இது வழியனுப்பு மேட்ச்தானே என்று முருகானந்தம் ஒத்துக்கொண்டார். கரூர்ப் பெண்களும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

அங்கிள் மகளிடம் வந்தார். "பத்த வச்சது இன்னும் சூடா இருக்கு. ரெண்டாவது பாதியிலதான் உனக்கு அந்தப் பக்கம். அதுக்குள்ள ஆறிரும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முதல் பாதியில் நாங்கள் பழைய உயர ரிங்கில் எறிந்தோம். பழகின கை, ஆளாளுக்குப் போட்டுத் தள்ளினோம். நான் இரண்டு கூடை போட்டேன், யாரும் போட்டோ எடுக்கவில்லை. பெலிண்டாவை இரண்டு கரூர்ப் பெண்கள் முட்டிக்கொண்டே நின்றார்கள். அவள் அவர்களைத் திண்டு தலையணை போல ஒதுக்கிவைத்துவிட்டு ஆடினாள். எகிறவில்லை. ஒரு எகிறைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. அப்போதுதான் தெரிந்தது சங்கதி. ஆயுசெல்லாம் நாலு இஞ்ச் மேலே எறிந்து பழகிய கைக்குச் சரியான ரிங் பிடிபடவே இல்லை. நான் எறிந்த பந்து ரிங்கைத் தொடாமல் தாண்டிப் போனது. இன்னொன்று போர்டையே தாண்டிப் போனது. "ஸ்ரீரங்கத்துச் சுபலட்சுமி பந்தைப் பெருமாளுக்கே சமர்ப்பித்துவிட்டார்!" என்று தாஜுதீன் மைக்கில் சொல்ல, கூட்டம் கெக்கலித்தது. அந்த மனிதரோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் பாயின்டுகள் நின்றுவிட்டன. கரூர்க்காரர்கள் உயர ரிங்கில் தட்டுத்தடுமாறி எட்டிப் பிடித்து, ஒரு பாயின்ட் முந்தியும் விட்டார்கள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. கரூர்ப் பெண் எறிந்த பந்து உயர ரிங்கின் விளிம்பில் பட்டு நீளமாகத் தெறித்து என் கைக்கு வந்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், பெலிண்டா ஓடிக்கொண்டிருக்கிறாள். அவள் ஓடிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சென்டர்கள் ஓட மாட்டார்கள், நடந்துதான் போவார்கள். இவள் கட்டுப் போட்ட இரண்டு முழங்காலோடு, பின்னால் யாரும் இல்லாமல், கோயில் பக்கத்து ரிங்கை நோக்கித் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேறு எதுவும் தெரியாது, அவளுக்குப் பந்து கொடுக்கத் தெரியும். கொடுத்தேன். தரையில் ஒரே குத்து, அங்கிருந்து அவள் கைக்கு நேராக. வாங்கி, இரண்டு எட்டு வைத்து, எழும்பினாள்.

அவள் மேலே போனதைப் பார்த்தபோது மாதாவே, பெருமாளே என்று நான் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். கை ரிங்குக்கு மேலே போனது. மணிக்கட்டும் போனது. பந்தை அறைந்து இறக்கினாள். இறக்கி, ரிங்கைப் பிடித்து ஒரு ஆட்டம் தொங்கிவிட்டு, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். கம்பம் முழுக்க அதிர்ந்தது. தாஜுதீன் போட்ட கத்தலில் மைக் கீச்சென்று ஊளையிட்டு அணைந்தேபோனது. கூட்டத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று கணக்கே இல்லை. நான் அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன்.

அந்த அமளியில் ஸ்தனிஸ்லாஸ் அங்கிள் மைதானத்துக்குள் ஓடிவந்தார். மகளைத் தாண்டி நேரே கம்பத்துக்குப் போனார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். போன் டார்ச்சை அடித்துப் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முருகானந்தம் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து, "சார், ஆட்டம் நடக்குது சார், உள்ள வரக்கூடாது சார்!" என்று கத்தினார். அவர் காதில் அது விழவில்லை.

"தாங்கிருச்சு" என்றார்.

பெலிண்டா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "உங்க வெல்டிங்காச்சேப்பா."

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். வாய் கோணியது.

"அங்கல்லாம் ரிங்கு சரியாத்தாம்மா இருந்துருக்கு. நான்தான் இங்க தூக்கி வச்சுட்டேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். அவள் குனிந்து அவரைக் கட்டிக்கொண்டாள். லூதியானாவில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு போனவள், அப்பா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நகர முடியாமல் நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த வருஷத் திருவிழா அங்கேயே நிறைந்துவிட்டது.

முருகானந்தம் மட்டும் மனம் இளகாதவர். வெளியாள் உள்ளே வந்ததற்காக எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோவும் பந்தும் கொடுத்தார். அதிலேயே கரூர் மறுபடி முந்தி, நாங்கள் ஒரு பாயின்டில் தோற்றோம். தோற்றதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, என்னைத் தவிர. அவருடைய முறுக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் பாதி தின்றாயிற்று.

மறுநாள் காலை எதிர்ப்பக்கத்து ரிங்கையும் இறக்க அங்கிள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பெலிண்டா கம்பத்தின் முன்னால் நின்றுகொண்டாள்.

"இதுல கை வைக்காதீங்கப்பா. நான் இதுலதான் கத்துக்கிட்டேன். வெளிய போனா எல்லா ரிங்கும் எனக்குச் சுளுவா இருந்துச்சுன்னா, அது நீங்க இத ஒசத்தி வச்சதாலதான்."

அப்பாவும் மகளும் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் அங்கிள் ஒரு வழி செய்தார். இரண்டு கம்பத்திலும் நாலு இஞ்ச் இடைவெளியில் மேலும் கீழுமாகத் துளைகள் போட்டு, போர்டைப் போல்ட்டில் மாட்டுகிற மாதிரி மாற்றிவிட்டார். பிராக்டிஸ் என்றால் மேல் துளை. மேட்ச் என்றால் கீழ்த் துளை. வீரமலை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, தரையை ஒன்றும் செய்ய வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டார். இந்தத் தடவை கேட்டாரே, அதுவே பெரிது.

இப்போது பெலிண்டா ரயில்வே ஆபீஸ் முடிந்ததும் திடலுக்கு வந்து பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். லால்குடியிலிருந்துகூட ரயிலேறி வருகிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது பிராக்டிஸைப் பார்த்துவிட்டு, ரிங் உயரமாக இருக்கிறதே என்றால் ஸ்தனிஸ்லாஸ் அங்கிள் நாற்காலியை விட்டு எழுந்து வருகிறார்.

"வேணும்னேதான் வச்சிருக்கு. எம் பொண்ணு பெலிண்டா இதுல ஆடித்தான் இந்தியாவுக்கு ஆடுனா. பாங்காக்ல போட்டது பாத்துருக்கீங்களா?" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து அந்தப் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார். முழுவதும் பார்க்கவைத்துவிட்டு, அடுத்து நம் திடலில் போட்ட டங்க்கின் படத்தைக் காட்டுகிறார். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது யாருடையது என்று அவரும் யாருக்கும் சொல்வதில்லை.